கடைமடை காய்ந்தால் கண்மாயையா மாற்றுவோம்? – பிக்கப் ஓட்டும் சொந்தங்களுக்கு ஒரு திறந்த மடல்

உத்தரகோசமங்கையிலும் சுற்றுப்பட்டி ஊர்களிலும் பிக்கப், குட்டியானை வைத்துப் பிழைக்கும் அண்ணன்மார்களுக்கும் தம்பிமார்களுக்கும்,

இதை எழுத இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. முண்டு மிளகாய் லோடு முடியப்போகிறது. மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள். மண்டபத்திலும் பாம்பனிலும் ராமேசுவரத்திலும் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கின்றன. மீன் லோடு ஓட்டுகிறவர்களின் வண்டிகள் வேப்பமரத்தடியிலும் கண்மாய்க் கரையிலும் நிற்கின்றன. தடை முடிந்து படகு கரை திரும்பும் அன்று விடியற்காலை சாவியைத் திருப்பினால், பல வண்டிகள் 'டிக்' என்ற ஒற்றைச் சத்தத்தோடு நின்றுவிடும். நாலு பேர் தள்ளி ஸ்டார்ட் செய்து துறைக்குப் போவோம். அன்றைய வாடகையில் முதல் செலவாகப் புது பேட்டரி வாங்குவோம். அந்தப் பேட்டரியும் அடுத்த தடைக்காலத்தைத் தாண்டாது. வருடா வருடம் நடக்கிறது.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். நம் பழைய வண்டிகளில் சார்ஜ் ஏறாமல் போவதற்குப் பல நேரம் பேட்டரியும் காரணமில்லை, ஆல்டர்னேட்டரும் காரணமில்லை. இரண்டையும் இணைக்கும் வயரும், அதன் முனையிலுள்ள லக்கும், எர்த்தும்தான் காரணம். அதைக் கண்டுபிடிக்கச் சில நூறு ரூபாய் மீட்டரும் கால் மணி நேரமும் போதும். எதையும் மாற்றுவதற்கு முன் அளந்து பாருங்கள். இதை நான் அறிவாளியாக நின்று சொல்லவில்லை. பணத்தையும் ஒரு நல்ல நாளையும் இழந்த பிறகு கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

என் பிக்கப் 2008ஆம் வருட மாடல். இரண்டு வருடத்துக்குள் இரண்டு பேட்டரி மாற்றினேன். ஒவ்வொன்றும் 6,000 ரூபாய்க்கு மேல். இரண்டாவது பேட்டரியும் இறங்கியபோது, "டைனமோ போயிடுச்சு" என்று ஒரு கடையில் சொன்னார்கள். ஆல்டர்னேட்டரையும் மாற்றினேன். ஒரு மாதம் நன்றாக ஓடியது. பிறகு பழைய கதைதான். அந்த மார்கழியில், திருவாதிரைக்கு முந்தின இரவு, ராமநாதபுரத்திலிருந்து தேங்காயும் பூவும் ஏற்றிக்கொண்டு நம் கோயில் கடைகளுக்கு வந்துகொண்டிருந்தேன். வருடம் முழுவதும் சந்தனக்காப்புக்குள் இருக்கும் மரகத நடராசரைச் சந்தனம் களைந்து பார்க்கக் கிடைக்கும் நாள் அது ஒன்றுதான். எங்கெங்கிருந்தோ வண்டிகள் வரும். கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து நம்மூர் விலக்கில் திரும்பியதிலிருந்து வண்டிகள் நத்தையாக நகர்ந்தன. ஹெட்லைட் போட்டபடி, ஐடிலிங்கிலேயே முக்கால் மணி நேரம். விளக்கு மஞ்சளாகி, பிறகு சிவந்து, கடைசியில் எதிரே நடந்து வருகிறவர் தெரியாத அளவுக்கு மங்கியது. ஹாரனில் முனகல்தான் வந்தது. சூடு ஏறுகிறதே என்று எஞ்சினை அணைத்தேன். அதோடு சரி, திரும்ப எடுக்கவே இல்லை. என் வண்டிக்குப் பின்னால் குழந்தைகளோடும் முதியவர்களோடும் நின்ற வண்டிகளை நினைத்தால் இன்றும் மனம் கூசுகிறது. வண்டியை ஓரம் தள்ளி, லோடை வேறு வண்டிக்கு மாற்றி முடித்தபோது விடிந்துவிட்டது. அந்த வருடம் எனக்குத் தரிசனம் இல்லை.

அடுத்த நாள் ராமநாதபுரத்தில் வயசான வயரிங்காரர் ஒருவரிடம் போனேன். அவர் எதையும் கழற்றவில்லை. எஞ்சினை ஓடவிட்டு, ஹெட்லைட்டைப் போடச் சொல்லி, மீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டரின் உடம்பிலும் இன்னொரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் வைத்தார். 1.1 வோல்ட் காட்டியது. "இங்க பூஜ்யத்துக்குப் பக்கத்துல இருக்கணும் தம்பி" என்றார். எஞ்சினிலிருந்து சேசிஸுக்குப் போகும் பின்னல் எர்த் பட்டையைக் கழற்றினார். ஒரு சாண் நீளம்கூட இல்லை. மேலே பார்க்க முழுசாக இருந்தது. விரலால் பிரித்ததும் உள்ளே பச்சைப் பொடியாக உதிர்ந்தது. பாதிக்கு மேல் இழைகள் அறுந்திருந்தன. சில நூறு ரூபாய்க்குப் புதுப் பட்டை போட்டு, சேசிஸில் பெயிண்டைச் சுரண்டி இறுக்கினார். பேட்டரி முனையில் 14.1 வோல்ட் வந்தது. இறங்கிப்போனதாக நான் நினைத்த அதே பேட்டரியை வெளியே சார்ஜ் போட்டு மாட்டினோம். அதற்குப் பிறகு மூன்று வருடம் ஓடியது.

இது எப்படி நடக்கிறது என்று புரிந்துகொண்டால் பிறகு யாரும் நம்மை ஏமாற்ற முடியாது. நாம் கண்மாய்ப் பாசனத்தில் வளர்ந்தவர்கள். கண்மாய் நிறைந்து நிற்கிறது, மடையும் நன்றாக இருக்கிறது, ஆனால் கடைமடை வயல் காய்கிறது என்றால் யாராவது கண்மாயைக் குறை சொல்வோமா? வாய்க்காலில் எங்கே மண் மேடிட்டிருக்கிறது என்று மண்வெட்டியோடு நடந்து பார்ப்போம். ஆல்டர்னேட்டர்தான் கண்மாய். பேட்டரி கடைமடை வயல். நடுவிலுள்ள வயரும் லக்கும் கிளாம்ப்பும் போல்ட்டும் வாய்க்கால். இதில் ஒரே வித்தியாசம், மின்சாரத்துக்குப் போகும் வாய்க்காலோடு திரும்பி வரும் வாய்க்காலும் வேண்டும். அந்தத் திரும்பும் வழிதான் எர்த். பாசிட்டிவ் வயரை எல்லோரும் பார்ப்போம். எஞ்சினுக்கும் சேசிஸுக்கும் பேட்டரிக்கும் இடையே திரும்பிவரும் வழியை யாரும் பார்ப்பதில்லை.

கணக்கு எளிது. ஒரு இணைப்பில் துருவினால் ஏற்படும் தடை 0.025 ஓம் என்று வையுங்கள். சாதாரண மீட்டரின் ஓம் அளவில் அது தெரியவே தெரியாது. அதன் வழியே 40 ஆம்பியர் ஓடினால் அங்கே 1 வோல்ட் கழிந்துபோகும். ஆல்டர்னேட்டர் 14.2 வோல்ட் கொடுத்தாலும் பேட்டரிக்குப் போய்ச் சேருவது 13.2தான். மீதி 40 வாட் அந்த இணைப்பைச் சூடாக்கவே செலவாகிறது. சூடானால் துரு இன்னும் ஏறும், துரு ஏறினால் தடை கூடும். அரைகுறைச் சார்ஜிலேயே கிடக்கும் ஈயப் பேட்டரியின் தகடுகளில் கந்தகப் படிவம் கெட்டிப்பட்டு, பேட்டரி மெல்ல மெல்லக் கொள்ளளவை இழக்கும். நாம் பேட்டரிக் கம்பெனியைத் திட்டுவோம். குற்றம் வாய்க்காலில் இருக்கும்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். மடை மூடியிருக்கும்போது வாய்க்கால் அடைப்பு தெரியாது. தண்ணீர் ஓடினால்தான் தெரியும். மின்சாரமும் அப்படித்தான். எஞ்சினை அணைத்துவிட்டு, லைட்டை அணைத்துவிட்டு வயரின் இரு முனைகளையும் அளந்தால் எல்லாம் நன்றாகவே காட்டும். பத்து இழையில் ஒரு இழை மட்டும் உயிரோடு இருக்கும் வயர்கூட மீட்டருக்கு நல்ல வயர்தான். லோடு கொடுத்து, மின்சாரம் ஓடும்போது அளந்தால்தான் உண்மை வெளிவரும்.

நம் பக்கம் இந்தக் கோளாறு மற்ற ஊர்களைவிட அதிகம். அதற்குக் காரணம் காற்று. உலோகத்தை வேகமாக அரிக்கும் கரைகளில் ஒன்று நம் மண்டபம் – பாம்பன் கரை. காரைக்குடியில் 1948இல் நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், நாம் சிக்ரி என்று சொல்வது, துருவைப் படிப்பதற்கென்றே மண்டபத்தில் ஒரு ஆய்வு நிலையம் வைத்திருக்கிறது. 1914இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தில், தூக்குப் பகுதி அரித்துப் பலமிழந்ததால் 2022 டிசம்பரில் ரயிலையே நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும், தனி வகைப் பாதுகாப்புப் பெயிண்டும், போல்ட்டுக்குப் பதிலாக முழுக்க வெல்டிங் செய்த இணைப்புகளும் போட்டிருக்கிறார்கள். இணைப்பில்தான் உப்பு தங்கும் என்பது அந்தப் பொறியாளர்களுக்குத் தெரியும். அவ்வளவு பெரிய இரும்பையே தின்ற காற்று, நம் வண்டியின் அரை அங்குலச் செம்புப் பட்டையை விட்டுவைக்குமா?

காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்புத் துகள் தானாகவே நீரை உறிஞ்சிக் கசியும். நம் கரையில் பல இரவுகள் அப்படித்தான். அந்த உப்புநீர் லக்குக்குள் ஏறி, பிளாஸ்டிக் உறைக்குள் இழை வழியே பரவிச் செம்பைக் கறுப்பாக்கும், பிறகு பச்சை பூக்க வைக்கும். இத்தோடு நம் தொழிலும் சேர்ந்துகொள்கிறது. மீன் பெட்டியிலிருந்து ஐஸ் உருகி வழியும் உப்புத் தண்ணீர் நேராகச் சேசிஸில்தான் சொட்டுகிறது. வாலிநோக்கத்திலிருந்து உப்பு ஏற்றுகிறவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். கரி லோடு ஏற்றினால் கரித்தூள் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். குட்டியானை போன்ற வண்டிகளில் பேட்டரியே சேசிஸ் ஓரத்தில், சொட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. நம்மூரில் கடல் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் நம் வண்டி தினமும் கடலுக்குப் போய்க் குளித்துவிட்டு வருகிறது.

இனி அளக்கும் முறை. சாதாரண டிஜிட்டல் மீட்டர் போதும். டிசி 20 வோல்ட் அளவில் வையுங்கள். கையில் காப்பு, மோதிரம், இரும்புப் பட்டை வாட்ச் இருந்தால் கழற்றிவிடுங்கள். கைலியை மடித்துக் கட்டி, தோள் துண்டை எடுத்து வையுங்கள். ஃபேனும் பெல்ட்டும் ஓடும் இடம் அது. பேட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வரும், பக்கத்தில் பீடியோ சிகரெட்டோ கூடாது.

முதல் அளவு, இரவு முழுவதும் நின்ற வண்டியில், காலையில் சாவி போடுவதற்கு முன். பேட்டரியின் இரு முனையிலும் வையுங்கள். 12.6 வோல்ட் இருந்தால் முழுச் சார்ஜ். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால்வாசிதான் மிச்சம்.

இரண்டாம் அளவு, செல்ஃப் அடிக்கும்போது. முனையில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பேட்டரி பலவீனம், அல்லது அதில் சார்ஜ் இல்லை. ஆனால் பேட்டரியில் 10.5க்கு மேல் நிற்கிறது, செல்ஃப் மட்டும் முக்கிச் சுற்றுகிறது என்றால் பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள். பவர் வழியில் தொலைகிறது. அல்லது செல்ஃப் மோட்டாரிலேயே கோளாறு.

மூன்றாம் அளவு, எஞ்சின் ஓடும்போது. ஐடிலிங்கில் அளக்காதீர்கள், கொஞ்சம் ஆக்சிலேட்டர் கொடுத்து வையுங்கள். ஹெட்லைட் ஹைபீம், புளோயர், வைப்பர் எல்லாம் ஓடட்டும். பேட்டரி முனையில் 13.8 முதல் 14.4 வரை வந்தால் நல்லது. 13.5க்குக் கீழே நின்றால் அடுத்த இரண்டு அளவும் கட்டாயம்.

நான்காம் அளவு, பாசிட்டிவ் வழி. அதே லோடில், சிவப்பு முனையை ஆல்டர்னேட்டரின் பின்னால் கனத்த வயர் மாட்டியிருக்கும் போல்ட்டிலும், கறுப்பு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலும் வையுங்கள். கிளாம்ப்பில் வைக்கக் கூடாது, ஈய முனையின் நடுவிலேயே வைக்க வேண்டும். மீட்டர் இப்போது காட்டுவது வழியில் தொலைந்த வோல்ட் மட்டும். 0.2, 0.3க்குள் இருக்க வேண்டும். அரை வோல்ட்டைத் தாண்டினால் அந்த வழியில் அடைப்பு.

ஐந்தாம் அளவு, எர்த் வழி. என் வண்டியைக் காப்பாற்றியது இதுதான். சிவப்பை ஆல்டர்னேட்டரின் உடம்பில், துருவில்லாத இடத்தில் வையுங்கள். கறுப்பு பேட்டரியின் நெகட்டிவ் முனையில். 0.2க்கு மேல் போகக் கூடாது.

எந்த வழியில் வோல்ட் தொலைகிறது என்று தெரிந்துவிட்டால், வாய்க்காலில் நடப்பதுபோல ஒவ்வொரு கட்டமாக நடந்து பாருங்கள். பேட்டரி முனைக்கும் கிளாம்ப்புக்கும் இடையே, கிளாம்ப்புக்கும் வயருக்கும் இடையே, வயரின் மறுமுனை லக்குக்கும் சேசிஸுக்கும் இடையே, சேசிஸுக்கும் எஞ்சினுக்கும் இடையே, எஞ்சினுக்கும் ஆல்டர்னேட்டருக்கும் இடையே. எங்கே மீட்டர் துள்ளுகிறதோ அங்கேதான் மண்மேடு. எஞ்சின் எர்த் அறுந்திருந்தால் கண்ணுக்குத் தெரியும் அடையாளமும் உண்டு. செல்ஃப் அடிக்கும்போது ஓடும் நூற்றுக்கணக்கான ஆம்பியர் வேறு வழி தேடி ஆக்சிலேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள் வழியாகப் போகும். கேபிள் சூடாகும், உறை இளகும். காரணம் தெரியாமல் கேபிள் கேபிளாக மாற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இரு வழியும் சுத்தமாக இருந்து, ஆல்டர்னேட்டரின் போல்ட்டிலேயே 13.5க்குக் கீழே இருந்தால்தான் ஆல்டர்னேட்டரின் முறை வருகிறது. அப்போதும் முதலில் பெல்ட். நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் ஒரு சென்டிமீட்டர் அளவு இறங்கினால் போதும். அதிகம் தொய்ந்தால் வழுக்கும், உள்பக்கம் கண்ணாடிபோல் மினுங்கும். அடுத்து டாஷ்போர்டில் பேட்டரிப் படம் போட்ட சிவப்பு விளக்கு. சாவி போட்டதும் அது எரிய வேண்டும். எரியாவிட்டால் 'எரியாமல் இருப்பது நல்லதுதானே' என்று விட்டுவிடாதீர்கள். பல பழைய வண்டிகளில் அந்த பல்பு வழியாகத்தான் ஆல்டர்னேட்டருக்கு முதல் தூண்டல் போகிறது. பல்பு போனால் சார்ஜ் எடுக்காமலே போகலாம். பத்து ரூபாய் பல்புக்காக ஆல்டர்னேட்டரை மாற்றியவர்கள் உண்டு. பிறகு கார்பன் பிரஷ், ரெகுலேட்டர், டயோடு. டயோடைச் சந்தேகித்தால் மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்துப் பேட்டரி முனையில் அளந்து பாருங்கள். எஞ்சின் ஓடும்போது அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் டயோடு போயிருக்க வாய்ப்பு அதிகம்.

நம் டீசல் வண்டிகள் பலவற்றில் ஆல்டர்னேட்டரின் பின்னாலேயே பிரேக்குக்கான வேக்குவம் பம்ப் இருக்கிறது. அதன் சீல் போனால் எஞ்சின் ஆயில் ஆல்டர்னேட்டருக்குள் இறங்கிப் பிரஷ்ஷைக் கெடுக்கும். பின்பக்கம் ஆயில் கசிந்திருக்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள். இப்படிப்பட்ட வண்டியில் பெல்ட் அறுந்தால் சார்ஜ் போவதோடு பிரேக் பெடலும் கல்லாகிவிடும். அந்தப் பெல்ட்டை நாளைக்கு மாற்றலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

சார்ஜ் அளவு எல்லாம் சரி, ஆனாலும் காலையில் பேட்டரி இறங்கியிருக்கிறது என்றால் இரவில் எதுவோ குடிக்கிறது. எல்லாவற்றையும் அணைத்து, நெகட்டிவ் கிளாம்ப்பைக் கழற்றி, மீட்டரை 10 ஆம்பியர் அளவில் வைத்துக் கிளாம்ப்புக்கும் முனைக்கும் நடுவே கோத்துப் பாருங்கள். பழைய வண்டியில் 0.05 ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். மீட்டர் கோத்திருக்கும்போது மட்டும் சாவியைத் திருப்பிவிடாதீர்கள். திருவிழாவுக்குக் கட்டிய எல்இடி பட்டை, பாட்டு செட், ஜிபிஎஸ் கருவி, இவற்றில் ஒன்றுதான் பெரும்பாலும் பிடிபடும்.

சரிசெய்வது கடினமில்லை. கழற்றும்போது நெகட்டிவை முதலில் கழற்றுங்கள், மாட்டும்போது கடைசியாக மாட்டுங்கள். முனையில் பூத்த வெள்ளையைச் சமையல் சோடா கரைத்த வெந்நீரால் கழுவுங்கள். மூடி இறுக்கமாக இருக்கட்டும், ஒரு சொட்டும் உள்ளே போகக் கூடாது. உப்புத்தாளால் ஈயம் பளபளக்கும்வரை தேயுங்கள். வயரின் உறையைக் கொஞ்சம் சீவிப் பாருங்கள். செம்பு கறுத்திருந்தால் பளபளப்பு வரும் இடம்வரை வெட்டி எறியுங்கள். கறுத்த செம்பில் புது லக் அடித்துப் பயனில்லை. லக்கை நன்றாக நசுக்கி அடித்து, சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போட்டு மூடுங்கள். எர்த் போடும் இடத்தில் பெயிண்டையும் துருவையும் வெள்ளை இரும்பு தெரியும்வரை சுரண்டி, பல் வாஷர் வைத்து இறுக்குங்கள். இறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவுங்கள்.

நான் எல்லோருக்கும் சொல்லும் ஒரு சின்ன வேலை உண்டு. ஆல்டர்னேட்டரின் உடம்பிலிருந்து பேட்டரி நெகட்டிவுக்கு நேராக ஒரு கனத்த எர்த் வயர் கூடுதலாகப் போட்டுவிடுங்கள். 16 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் இதற்குப் போதும். பழைய எர்த்தை எடுத்துவிட்டுப் போடாதீர்கள், அதையும் சரிசெய்து வைத்துக்கொண்டு இதைக் கூடுதலாகப் போடுங்கள். செல்ஃபின் மின்சாரம் போகும் வழிக்கு இந்தக் கனம் காணாது. பாசிட்டிவ் பக்கம் கூடுதல் வயர் போடுவதானால் பேட்டரிக்குப் பக்கத்திலேயே தகுந்த ஃபியூஸ் வைக்காமல் போடக் கூடாது. சேசிஸில் உரசி ஷார்ட் ஆனால் வண்டி எரிந்துவிடும்.

மூன்று பழக்கங்களை நாம் விட்டாக வேண்டும். எஞ்சின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றி "வண்டி நிக்கலியே, டைனமோ நல்லாருக்கு" என்று சொல்வது முதலாவது. பழைய டீசல் எஞ்சினுக்கு ஓடிக்கொண்டிருக்கும்போது பேட்டரியின் தயவு பெரிதாகத் தேவையில்லை, ஆல்டர்னேட்டர் செத்திருந்தாலும் ஓடும். அதனால் அந்தச் சோதனை எதையும் காட்டாது. கழற்றும் நொடியில் வோல்ட் எகிறி நல்ல டயோடையும் ரெகுலேட்டரையும் எரித்துவிடும் என்பதுதான் மிச்சம். இரண்டாவது, பேட்டரியில் கையில் கிடைத்த தண்ணீரை ஊற்றுவது. நம் கிணற்று நீர் உவர். காவிரிக் குடிநீராக இருந்தாலும் அதிலும் உப்புகள் உண்டு. டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான். மூன்றாவது, கொதிக்கும் பேட்டரியை 'நல்லா சார்ஜ் ஏறுது' என்று நினைப்பது. 15 வோல்ட்டுக்கு மேல் போனால் ரெகுலேட்டரில் கோளாறு, அல்லது அதன் எர்த்திலோ, பேட்டரியின் வோல்ட்டைப் பார்த்துச் சொல்லும் வயரிலோ துரு. வழியில் தொலைவதையும் சேர்த்துப் பேட்டரியில் குறைவாக இருக்கிறது என்று நினைத்து ரெகுலேட்டர் கூட்டிக் கூட்டிக் கொடுக்கும். அதற்கும் மருந்து இதே அளவும் இதே உப்புத்தாளும்தான். நம் வெயிலே பேட்டரிக்கு எதிரி. வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது பொறியாளர்களின் பொதுக் கணக்கு. அதோடு நாமும் சேர்ந்து வதைக்க வேண்டாம்.

இது பணம் மட்டுமில்லை. ஹாலஜன் விளக்குக்குப் போகும் வோல்ட் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் வெளிச்சம் 30 சதவீதம்வரை குறைந்துவிடும். சீமைக்கருவேலம் இருபக்கமும் அடைத்து நிற்கும் நம் சாலைகளில், இருட்டில் ஆடு குறுக்கே வருகிறது, விளக்கில்லாத சைக்கிள் வருகிறது, ஏர்வாடிக்கும் நம் கோயிலுக்கும் ஆட்கள் நடந்து வருகிறார்கள். மங்கிய விளக்கோடு லோடு வண்டி ஓட்டுவது அவர்களைப் பணயம் வைப்பது. அன்று என் வண்டி முன்னால் வந்தவர் ஒதுங்கிக்கொண்டார். ஒதுங்க முடியாத ஒரு முதியவராக இருந்திருந்தால் நான் இந்த மடலை எழுதும் தெம்போடு இருந்திருக்க மாட்டேன்.

தடைக்காலத்தில் நிற்கும் வண்டிகளுக்கு ஒரு வார்த்தை. நெகட்டிவ் கிளாம்ப்பைக் கழற்றி வையுங்கள். மீன் லோடு ஓட்டிய வண்டி என்றால் சேசிஸை நல்ல தண்ணீரில் கழுவிக் காயவிட்டு நிறுத்துங்கள். மாதம் ஒருமுறை பேட்டரியை அளந்து, 12.4க்குக் கீழே போனால் வெளியே சார்ஜ் போடுங்கள். நின்ற இடத்திலேயே பத்து நிமிடம் ஐடிலிங்கில் ஓட்டினால், செல்ஃப் எடுத்த சார்ஜ்கூட முழுதாகத் திரும்பாது. பேட்டரி உண்மையிலேயே முடிந்துவிட்டால் பழையதைக் கடையில் கொடுத்துக் கழிவு வாங்குங்கள். காயலான் கடையில் உடைத்தால் அந்த ஈயமும் ஆசிடும் நம் மண்ணுக்கும் கண்மாய்க்கும்தான் போகும்.

வயரிங் வேலை செய்யும் தம்பிமார்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்களில் பலர் இதை என்னைவிட நன்றாக அறிவீர்கள். எதையும் மாற்றச் சொல்வதற்கு முன் ஐந்து அளவுகளையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வண்டிக்காரர் கையில் கொடுங்கள். அளந்து சொல்கிறவரை எங்கள் ஆட்கள் தேடி வருவார்கள். அளந்து பார்த்த அந்த முதியவருக்காகத்தான் நான் இன்றும் ராமநாதபுரம்வரை போகிறேன்.

வண்டி ஓட்டும் நம் ஆட்களிடம் கேட்பது இது. ஸ்டாண்டுக்கு ஒரு மீட்டர் பொதுவில் வாங்கி வைப்போம். ஜூன் மாதம் முதல் ஞாயிறு காலை ஏழு மணிக்கு, வெயில் ஏறுமுன், நம் விலக்கில் வண்டிகளைக் கொண்டு வாருங்கள். மீட்டரும் உப்புத்தாளும் சமையல் சோடாவும் நான் கொண்டு வருகிறேன். ஒவ்வொரு வண்டிக்கும் கால் மணி நேரம். அளவுகளைக் கதவின் உள்பக்கம் எழுதி வைப்போம். அடுத்த வருடம் அதே நாளில் மறுபடி அளந்தால், எது குறைந்தது என்று அந்த எழுத்தே சொல்லும்.

அதற்கு முன்பே யாருக்காவது வண்டி எடுக்கவில்லை என்றால், பேட்டரிக் கடைக்குப் போகும் பணத்தைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு, முதலில் குனிந்து எஞ்சினின் எர்த் பட்டையைக் கையால் பிரித்துப் பாருங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒரு பிக்கப் ஓட்டுநர்,
உத்தரகோசமங்கை